ஒற்றைப் பின்சக்கரத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புக்குரிய எல்லோருக்கும்,

வணக்கம். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என மூன்று சக்கரங்களோடு நான் வீட்டிலேயே கட்டிய வண்டி, போன வாரம் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. பின்புறம் ஒருமுறை அமிழ்ந்து, எழுந்து, அடங்கியது. வழியில் நின்றவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்து மாதங்களாக அந்த ஓர் அசைவுக்காகக் காத்திருந்த நான்தான் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

என் மடமையை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் யாருக்கு எதற்காக நன்றி சொல்கிறேன் என்பது விளங்காது. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றிலிருந்து எஞ்சின், செயின், பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் ஆடும் கையான ஸ்விங் ஆர்ம், அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் சுற்றிய ஷாக் அப்சர்பர் ஆகியவற்றை அப்படியே எடுத்து என் சட்டத்தில் பொருத்தினேன். இருக்கைக்கு அடியில் இடம் போதவில்லை என்று ஷாக்கை நன்றாகச் சாய்த்து வைத்தேன். விளைவு, சிறு பள்ளத்தில் இறங்கினாலும் டயர் மேலேறிக் குறுக்குக் குழாயில் இடித்தது. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதி, அதன் தலையில் இருக்கும் வளையத்தை முறுக்கினேன். மறுநாளும் முறுக்கினேன். மரை தீரும்வரை முறுக்கினேன். பின்புறம் உயர்ந்து நின்றதே தவிர, இடி நிற்கவில்லை. 'கெட்டியான ஸ்பிரிங்' என்று ஒருவர் கொடுத்ததையும் வாங்கிப் பார்த்தேன். எவ்வளவு கெட்டி என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. அது இப்போது கதவு காற்றில் அடிக்காமல் இருக்கப் பயன்படுகிறது.

லேத் பட்டறை ஐயா, உங்களுக்குத்தான் முதல் நன்றி. "வளையத்தை முறுக்கினால் வண்டி எழுந்து நிற்கும் தம்பி, ஸ்பிரிங் கெட்டிப்படாது" என்றீர்கள். பின்சக்கரத்தின் மேல் எத்தனை கிலோ உட்காருகிறது என்று கேட்டீர்கள். தெரியாது என்றேன். சக்கரம் நூறு மில்லிமீட்டர் ஏறினால் ஷாக் எவ்வளவு அமுங்குகிறது என்று கேட்டீர்கள். அதுவும் தெரியாது. "அப்படியானால் ஸ்பேனரைக் கீழே வை" என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டீர்கள். அன்று எனக்குக் கோபம் வந்தது உண்மை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

எதிர்வீட்டு அக்கா, குளியலறையில் இருந்த எடை பார்க்கும் இயந்திரத்தைத் தயங்காமல் எடுத்துக் கொடுத்தீர்கள். அது 150 கிலோவுக்கு மேல் காட்டாது. உங்கள் மகன்தான் வழி சொன்னான். ஒரு நீளப் பலகையின் ஒரு முனையை இயந்திரத்தின் மேலும், மறுமுனையை அதே உயரமுள்ள செங்கலின் மேலும் வைத்து, சக்கரத்தை நட்டநடுவில் ஏற்றினோம். முன்சக்கரங்களுக்கும் அதே உயரத்துக்குக் கட்டை கொடுத்தோம். நான் இருக்கையில் அமர்ந்திருக்க, இயந்திரம் 86 காட்டியது. பலகையின் எடையில் பாதி 3.5 கிலோ. அதைக் கழித்து இரண்டால் பெருக்கினால் 165. சக்கரமும் ஸ்விங் ஆர்மும் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குபவை. அவற்றுக்கு 25 கிலோ தள்ளினால், ஸ்பிரிங் சுமப்பது 140 கிலோ. ஐந்து மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் உண்மையான எண் அதுதான். அதைச் சுவரில் கரியால் எழுதி வைத்தேன்.

பிறகு ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை ஜாக்கியால் பத்துப் பத்து மில்லிமீட்டராகத் தூக்கி ஷாக்கின் நீளத்தை அளந்தேன். சக்கரம் 100 ஏறினால் ஷாக் 42தான் அமுங்கியது. அந்தத் தாளோடு உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றேன் டீச்சர், நினைவிருக்கிறதா? ஓய்வு பெற்று இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நீங்கள் இயற்பியல் ஆசிரியைதான். "ஸ்பிரிங்கின் அமுக்கமும் அந்த அளவுக்குக் குறைகிறது, அதன் விசை சக்கரத்துக்கு வந்து சேர்வதும் அதே அளவுக்குக் குறைகிறது. அதனால் இரண்டு முறை பெருக்கு" என்றீர்கள். 0.42 பெருக்கல் 0.42, சுமார் 0.176. ஒரு மில்லிமீட்டர் அமுக்க 90 நியூட்டன் விசை வேண்டும் என்று நான் நம்பியிருந்த ஸ்பிரிங், சக்கரத்துக்குக் கொடுத்தது வெறும் 16. வளையத்தை முறுக்காத நிலையில், 140 கிலோவுக்கு அது 86 மில்லிமீட்டர் அமிழும். சக்கரம் மேலேற எனக்கு இருந்த மொத்த இடமே 120. இடிக்காமல் என்ன செய்யும்? ஸ்பிரிங் பாவம். அதைச் சாய்த்து வைத்தவன் நான்.

ஷாக்கின் மேல் முனையை எங்கே மாற்றுவது என்பதை அட்டையில் ஸ்விங் ஆர்மை வெட்டி, குண்டூசி குத்தி, நான்கு இரவுகள் ஆட்டி ஆட்டிப் பார்த்து முடிவு செய்தேன். வெல்டிங் செய்யும் தம்பி, நீ ஒட்டிய பிடியை நானே இரண்டு முறை அறுக்கச் சொன்னேன். ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. மூன்றாவது இடத்தில் 100க்கு 55 கிடைத்தது. அதே பழைய ஸ்பிரிங் இப்போது சக்கரத்துக்கு 27 கொடுக்கிறது. வளையத்தை ஆறே மில்லிமீட்டர் முறுக்கியிருக்கிறேன். நான் உட்கார்ந்தால் 39 மில்லிமீட்டர் அமிழ்கிறது, மொத்தப் பயணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பக்கத்தில் ஒருவர் ஏறிப் பின்சக்கரத்தில் 25 கிலோ கூடினாலும் இன்னும் 9தான்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பின்னாலேயே பைக்கில் வந்த நண்பா, "ஒவ்வொரு மேட்டுக்கும் உன் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்துகொண்டே போகிறதே" என்று நீ சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. முன்பு துள்ளலை அடக்க நினைத்து அமுங்கிய ஷாக் எவ்வளவு வேகமாகத் திரும்பி எழலாம் என்று கட்டுப்படுத்தும் ரீபவுண்ட் திருகை முழுக்க மூடி வைத்திருந்தேன். ஷாக்கை நிமிர்த்தியதும் அதன் எண்ணெய்த் தடையும் சக்கரத்தின் மேல் கூடுதலாகப் பிடித்துக்கொண்டது. ஒரு மேட்டில் அமுங்கியது எழுவதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. அந்தத் திருகை ஆறு சொடுக்குகள் திறந்தோம். நீ பின்னால் படுத்தாற்போல் குனிந்து பார்த்துக்கொண்டே ஓட்டி வந்ததை மட்டும் உன் வீட்டில் சொல்லவில்லை.

வளைவில் வண்டி சாய்வதற்கும் பின் ஸ்பிரிங்கைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். லேத் ஐயா சிரித்தேவிட்டார். பின்னால் இருப்பது நடுவில் ஒற்றைச் சக்கரம். சாய்வைத் தடுப்பதில் அதற்கு வேலையே இல்லை, முன்னிரண்டும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றையும் அவர் காட்டினார். மோட்டார் சைக்கிள் வளைவில் தானும் சாய்ந்துகொள்வதால் சக்கரத்தின் மேல் வரும் சுமை பெரும்பாலும் அதன் தளத்திலேயே இறங்குகிறது. நம் வண்டி சாய்வதில்லை. பக்கவாட்டு விசை முழுவதும் சக்கரத்தை முறுக்கப் பார்க்கிறது. அதைத் தாங்க அந்த ஸ்விங் ஆர்ம் பிறக்கவே இல்லை. கையால் ஆட்டியபோதே, அதன் அச்சைச் சுற்றி இருக்கும் தேய்ந்த புஷ்கள் (உருளை உறைகள்) கடகடத்தன. புதிய புஷ்களைக் கடைந்து கொடுத்ததும், ஸ்விங் ஆர்மின் முதுகில் ஒரு குழாயை வளைத்து ஒட்டச் சொன்னதும் அவரே. வளைவில் பின்புறம் நெளிவது நின்றது. சாய்வைத் தடுக்க முன்னால் ஒரு குறுக்குத் தண்டும் போட்டாகிவிட்டது, ஐயா.

அப்பா, உங்களுக்குத் தனியாக ஒரு வரி. முன் பல்சக்கரம், ஸ்விங் ஆர்மின் அச்சு, பின்சக்கர அச்சு மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போதுதான் செயின் மிக அதிகமாக இறுகும். அந்த நிலைக்கு வண்டியை அமிழ்த்தி வைத்தால்தான் தொய்வைச் சரியாக அளக்க முடியும். அதற்காக ஒரு மாலை முழுவதும் சட்டத்தின் மேல் மூட்டையாக உட்கார்ந்திருந்தீர்கள், செய்தித்தாளும் கையுமாக.

அக்கா, கடைசியாக ஒன்று. உங்கள் எடை இயந்திரம் இப்போது யார் ஏறினாலும் நான்கு கிலோ கூடுதலாகக் காட்டுகிறது. சுவரில் எழுதிய 165க்குப் பிறகு வந்த கோளாறுதான் அது, நானே ஏறிச் சரிபார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை புதிது வாங்கிக்கொண்டு வருகிறேன். பழையதை எனக்கே கொடுத்துவிடுங்கள். முன்சக்கரங்கள் இன்னும் பாக்கி இருக்கின்றன.

நன்றியுடன்,
உங்கள் மூன்று சக்கரக்காரன்