எல்லாக் கணினியிலும் ஹைப்பர்-வியை அணைத்துவிடாதீர்கள்

திருகோணமலை மாவட்டத்துப் பாடசாலைகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் கணினிக் கூடங்களுக்குப் பொறுப்பாக இருக்கும் ஆசிரியர்களுக்கும் போதனாசிரியர்களுக்கும்,

வணக்கம். விண்டோஸ் 11 உள்ள கூடங்களில் இந்தச் சிக்கல் அடிக்கடி வருகிறது. ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை (மெய்நிகர் இயந்திரத்தை) ஓட்டும் வேர்ச்சுவல்பொக்ஸ் மென்பொருளில், உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைத் திறந்தால் மவுஸ் கூட நகர மறுக்கிறது. சாளரத்தின் கீழ்ப்பட்டையில் சின்னதாக ஒரு பச்சை ஆமை நிற்கிறது. சில கணினிகளில் 'வீடி-எக்ஸ் இல்லை' என்ற பிழைச்செய்தியோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. இதற்காக ரம் வாங்கிப் போடுவதும், மூதூரிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகரத்துக் கடைக்கு வருவதும் வீண் செலவு. டாஸ்க் மனேஜரின் பெர்போமன்ஸ் பக்கத்தில் வேர்ச்சுவலைசேஷன் 'எனேபிள்ட்' என்று இருந்தால் பயோஸ் எனும் கணினியின் அடிப்படை அமைப்புகளிலும் கை வைக்க வேண்டாம்.

மெய்நிகர் இயந்திரங்களை வேகமாக ஓட்டப் புரொசெசரிலேயே உள்ள வசதி வீடி-எக்ஸ். அந்த இயந்திரங்களை நிர்வகிக்கும் மென்பொருள்தான் ஹைப்பர்வைசர். வீடி-எக்ஸை ஒரு நேரத்தில் ஒரு ஹைப்பர்வைசர்தான் நேரடியாகக் கையாள முடியும். விண்டோஸின் சொந்த ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி இயங்கினால் அது விண்டோஸுக்கும் கீழே போய் உட்கார்ந்து, அந்த வசதியைத் தன் பிடியில் வைத்துக்கொள்கிறது. 2018இல் வெளியான வேர்ச்சுவல்பொக்ஸ் 6.0இலிருந்து, ஹைப்பர்-வியின் ஊடாகவே ஓட ஒரு மாற்றுவழி சேர்க்கப்பட்டது. ஆமை அதைத்தான் காட்டுகிறது: ஓடும், ஆனால் மெதுவாக.

"ஹைப்பர்-வியை நாங்கள் நிறுவவே இல்லையே" என்பீர்கள். நிறுவத் தேவையில்லை. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2, அதன்மேல் ஓடும் டொக்கர் (செயலிகளைத் தனித்தனிப் பொதிகளாக ஓட்டுவது), விண்டோஸ் சாண்ட்பொக்ஸ் (செயலிகளைத் தனித்து ஓட்டிப் பார்க்கும் இடம்) ஆகியவை அதே ஹைப்பர்வைசரைத்தான் எழுப்புகின்றன. விண்டோஸ் பாதுகாப்பு அமைப்புகளில் கோர் ஐசொலேஷனுக்குள் இருக்கும் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பும் அப்படியே. விண்டோஸ் 11ஐப் புதிதாக நிறுவிய பல கணினிகளில் அது தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். எது எழுப்பியது என்று ஊகிக்காமல் சிஸ்டம் இன்போமேஷனைத் திறந்து கடைசி வரிகளைப் பாருங்கள். ஹைப்பர்வைசர் ஒன்று கண்டறியப்பட்டதாக அங்கே எழுதியிருந்தால் காரணம் இதுதான்.

எங்கள் வேண்டுகோள்: ஹைப்பர்-வியை அடியோடு நீக்காமல், தொடக்கத் திரையில் இரண்டு தெரிவுகளை வையுங்கள். கட்டளைச் சாளரத்தை நிர்வாகியாகத் திறந்து, தொடக்கப் பதிவுகளை மாற்றும் பிசிடி-எடிட்டின் கொப்பி கட்டளையால் இப்போதைய பதிவைப் பிரதி எடுத்து, 'ஆய்வுகூடம்' என்று பெயரிடுங்கள். நெளிவு அடைப்புக்குறிக்குள் ஒரு நீண்ட இலக்கம் கிடைக்கும். அந்தப் பதிவுக்கு மட்டும் ஹைப்பர்வைசர்-லோஞ்ச்-ரைப் என்ற அமைப்பை 'ஓஃப்' ஆக்குங்கள். பவர்ஷெல்லில் செய்தால் அந்த அடைப்புக்குறியை மேற்கோளுக்குள் போடாவிட்டால் கட்டளை பிழைக்கும். பலர் கைவிடும் இடம் இதுதான். பிறகு ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட்டவுன் போதாது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் பழைய நிலையையே திரும்பக் கொண்டுவரும்.

தொடங்குமுன், வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கரின் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். தொடக்கப் பதிவு மாறினால் கணினி அதைக் கேட்கக்கூடும், சாவி இல்லையென்றால் வட்டிலுள்ள வேலை அத்தனையும் போய்விடும்.

'ஆய்வுகூடம்' பதிவில் டபிள்யூஎஸ்எல் 2உம் டொக்கரும் ஓடாது. அவற்றுக்கு வழமையான பதிவால் நுழைய வேண்டும். ஓஃப் ஆக்கிய பிறகும் ஆமை நின்றால், சிஸ்டம் இன்போமேஷனில் வேர்ச்சுவலைசேஷன் சார்ந்த பாதுகாப்பு 'ரனிங்' என்றிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் மெமரி இன்டெக்ரிட்டியையும் அணைக்க வேண்டிவரும். அது இரண்டு பதிவுகளையும் பாதிக்கும் என்பதால், மாணவர் பயிற்சிக் கணினியில் மட்டும் செய்யுங்கள். வேர்ச்சுவல்பொக்ஸ் போன்ற இன்னொரு மென்பொருளான விஎம்வெயார் பாவிப்பவர்களுக்கு 15.5.5 பதிப்பிலிருந்து ஹைப்பர்-வியோடு சேர்ந்து ஓடும் வசதி உண்டு. ஆனால் அப்படி ஓடும்போது மெய்நிகர் இயந்திரத்துக்குள் இன்னொன்றை ஓட்ட முடியாது.

உபுண்டுவையே அடித்தளமாக வைத்திருக்கும் கூடங்களில் மோதல் லினக்ஸின் சொந்த ஹைப்பர்வைசரான கேவிஎம்மோடு. லினக்ஸின் கேர்ணல் எனும் மையக்கருவின் 6.12 பதிப்பிலிருந்து கேவிஎம் மொடியூல் ஏறியவுடனேயே வீடி-எக்ஸைப் பிடித்துக்கொள்கிறது. வேர்ச்சுவல்பொக்ஸைத் திறக்குமுன் மொட்புரோப் கட்டளையால் அந்த மொடியூலை இறக்கினால் போதும்.

மாணவர் புள்ளிகளும் சம்பளப் பட்டியலும் உள்ள அலுவலகக் கணினிகளில் இவை எதையும் செய்யாதீர்கள். தீங்கான ட்ரைவர்கள் கேர்ணலுக்குள் நுழைவதைத் தடுப்பது மெமரி இன்டெக்ரிட்டி. அலுவலகத்தில் மெய்நிகர் இயந்திரம் ஓட்டும் தேவையே இல்லை.

இப்படிக்கு,
திருகோணமலையின் கணினித் தொழினுட்பவியலாளர் சிலர்