குளிர்ந்த வண்டியைப் பார்க்க வந்தவருக்கு

நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்குத் தோட்டக்காரர்களுக்கும், என்னோடு மேட்டுப்பாளையம் இறங்கும் ஓட்டுநர்களுக்கும், எங்கள் தெருவில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

இன்று அதிகாலை நாலே முக்கால் மணிக்கு, புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கையில், எங்கள் பிக்கப் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆனது. விடியற்காலையில் மக்கர் செய்த இந்த வண்டியால் கடந்த மூன்று வாரமாக நாங்கள் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். மண்டிக்கு நேரத்தில் போய்ச் சேராத கேரட் மூட்டைகளையும், அந்த வியாழக்கிழமை இரவையும் மறுபடி எழுத மனம் வரவில்லை. நன்றியை மட்டும் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் லோடு இறக்கிய கையோடு உட்கார்ந்திருக்கிறேன்.

வாடகை வாங்காமல் என் மூட்டைகளைத் தங்கள் வண்டிகளில் பகிர்ந்து ஏற்றிச் சென்ற மூன்று ஓட்டுநர்களுக்கும், மேட்டில் நின்ற வண்டியைக் கயிறு கட்டி இழுத்த டிராக்டர்காரருக்கும், பனியில் செருப்புக் காலோடு வந்து தள்ளிய கல்லூரிப் பிள்ளைகளுக்கும், பேட்டரி கொடுத்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், நான் வரும்வரை தராசை எடுத்து வைக்காமல் காத்திருந்த மண்டிக் கணக்கருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவேன்.

ஆனால் இந்த மடலை எழுத வைத்தவர், கேரட் கழுவும் மெஷினில் இரவுக் காவல் பார்க்கும் பெரியவர். பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எங்கள் வண்டியின் கோளாறு விடியற்காலைக் குளிரில் மட்டுமே தலைகாட்டும். நானோ வெயில் ஏறிய பிறகு, எட்டுக் கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப் போவேன். அதற்குள் வண்டி ஏறக்குறைய சீராகிவிடும். பார்த்தவர்கள் எல்லாரும் தங்களுக்குத் தெரிந்ததை நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிப் பம்ப் கடைக்கு அனுப்பினோம், பேட்டரியை மாற்றினோம், கீழே சமவெளியில் நிரப்பிய டீசலில் மெழுகு உறைகிறது என்று ஒரு நண்பர் சொல்ல, டீசல் ஃபில்டரையும் மாற்றினோம். மறுநாள் காலையில் அதே வெண்புகை, அதே உதறல்.

பெரியவர் ஒரு நாள் என்னை வழிமறித்து, "தினமும் உங்க வண்டி இருமறதைக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நாளைக்கு நான் வர்ற வரைக்கும் சாவியைத் தொடாதீங்க தம்பி. ராத்திரி பூரா குளிர்ந்து கிடந்த வண்டியைத்தான் பார்க்கணும்" என்றார். ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத்து லாரிகளுக்கு அவர்தான் மெக்கானிக் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. காவல் முடிந்து வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டிய மனிதர், மறுநாள் நாலரை மணிக்குக் கம்பளித் தொப்பியும் டார்ச் லைட்டுமாக என் வாசலில் நின்றார்.

டீசல் இன்ஜினில் நெருப்புப் பொறி கிடையாது. அழுத்திச் சூடேறிய காற்றில்தான் டீசல் பற்ற வேண்டும். இரவெல்லாம் உறைந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால்தான் உள்ளே முன்கூட்டியே சூடேற்ற ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறார்கள். அவர் நான்கு பிளக்குகளையும் இணைக்கும் பட்டையைக் கழற்றினார். பன்னிரண்டு வோல்ட் பல்பு ஒன்றின் ஒரு வயரைப் பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி, மறு வயரை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொட்டுப் பார்த்தார். இரண்டில் பல்பு எரிந்தது, இரண்டில் எரியவில்லை. நான்கையும் மாற்றினோம்.

வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. புகையும் உதறலும் அடங்க மட்டும் நெடுநேரம் ஆனது. நான் திருப்திப்பட்டுவிட்டேன். அவர் அடுத்த நாளும் வந்தார். அன்றுதான் குளிர்காற்று படாமலிருக்க ரேடியேட்டர் முன்னால் நான் செருகியிருந்த சாக்கைப் பார்த்துவிட்டு, அதனால் ஏதாவது குணம் தெரிகிறதா என்று கேட்டார். கொஞ்சம் தெரிகிறது என்றேன். அந்தச் சாக்கைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு; அதைக் கேள்வியாக்கியவர் அவர் ஒருவர்தான். இன்ஜினை ஓட விட்டு, இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் மேல் ஹோஸில் என் கையைப் பிடித்து வைத்தார். ஐந்தாறு நிமிடத்திலேயே ரப்பர் வெதுவெதுத்தது. இன்ஜின் சூடேறும்வரை அந்த ஹோஸ் சில்லென்றே இருக்க வேண்டுமாம்.

தெர்மோஸ்டாட்டின் வேலையே அதுதான். அதன் உள்ளே இருக்கும் மெழுகு சுமார் 82 டிகிரியில் உருகி விரியும்போதுதான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழி திறக்கும். அது இருக்க வேண்டிய இடத்து மூடியைக் கழற்றினால் உள்ளே ஒன்றுமே இல்லை, கேஸ்கெட் மட்டும் இருந்தது. சமவெளியில் நான் வாங்கிய பழைய வண்டி இது. கொதித்துவிடும் என்ற பயத்தில் அங்கே யாரோ அதை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த வெயிலில் அது பெரிதாகத் தெரிந்திருக்காது. இரண்டாயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில், தைப்பனியில், ஆக்சிலேட்டரை மிதிக்காமல் மலையிறங்கும் வண்டி அது இல்லாமல் எப்படிச் சூடேறும்? மீட்டர் முள் கால் பங்கைத் தாண்டாததை வண்டி நல்ல குளிர்ச்சியாக ஓடுகிறது என்று நான் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்தேன். மெழுகின் மேல் பழி போட்ட நண்பர் சிரித்துக்கொள்ளட்டும். இருக்க வேண்டிய மெழுகு இல்லாததுதான் எங்கள் குறை.

புதிய தெர்மோஸ்டாட்டுக்கு ஆன செலவு, நான் அதற்கு முன் வீணடித்ததில் இருபதில் ஒரு பங்குகூட வராது. பெரியவர் வாங்கிக்கொண்டது டார்ச் லைட்டுக்குப் போட்ட இரண்டு செல்லுக்கான காசை மட்டும். மூன்றாம் நாளும் வந்து, ஹோஸ் சில்லென்று இருந்து, பிறகு சட்டென்று சுடுவதைத் தன் கையால் தொட்டுப் பார்த்த பிறகே வீட்டுக்குப் போனார். தூக்கம் கெட்ட அந்த மூன்று காலைகளை நான் எந்தக் கணக்கில் எழுதுவேன்?

அந்தப் பல்பையும் வயரையும் அவரிடமே கேட்டு வாங்கி வண்டியில் வைத்திருக்கிறேன். காலையில் வண்டி மக்கர் செய்கிறது என்று யார் சொன்னாலும், நாலரை மணிக்கு அவர்கள் வாசலில் நான் நிற்பேன். அதுவரை சாவியைத் தொட வேண்டாம்.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றியிருப்பதற்காக நேற்று மாலையும் அவரிடம் திட்டு வாங்கினேன். வெள்ளிக்கிழமைக்குள் குளிரில் உறையாத கூலன்ட் மாற்றிவிடுகிறேன் ஐயா.