நெட்டையனுக்கு, ஒரு வருஷம் தாமதமாக

அன்புள்ள நெட்டையனுக்கு,

தினமும் வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்கிறோம், இதில் கடிதம் எதற்கு என்று கேட்பாய். நேரில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே கிண்டல் பண்ணிப் பேச்சைத் திருப்பிவிடுவாய். எழுதினால் குறுக்கே பேச முடியாதில்லையா, அதனால்தான்.

நான் மாடிப்படியில் வழுக்கி விழுந்து நேற்றோடு ஒரு வருஷம் ஆகிறது. ஈரக்கால், கடைசி இரண்டு படி, கையில் துணிக்கூடை. எப்படி ஆச்சு என்று கேட்பவர்களிடம் சொல்லிக்கொள்ள இன்னும் கொஞ்சம் கௌரவமான விபத்தாக அமைந்திருக்கலாம். கணைக்கால் எலும்பின் மேல்தட்டு, அதாவது முழங்கால் மூட்டு உட்கார்ந்திருக்கும் மேடை, ஒரு பக்கமாக நொறுங்கி இறங்கிவிட்டது. பிளேட் வைத்து, ஸ்க்ரூ முடுக்கி, 12 வாரம் அந்தக் கால் தரையில் படவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

முதல் வாரம் போன் ஓயவில்லை. எல்லோரும் ஒரே வாக்கியத்தில்தான் முடித்தார்கள்: "ஏதாவது வேணும்னா சொல்லு." தப்பில்லை, நானும் எத்தனையோ பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் படுத்துக் கிடக்கும்போதுதான் தெரிகிறது, கேட்கிற வேலையையும் படுத்திருப்பவன் தலையிலேயே கட்டிவிடுகிற வாக்கியம் அது. நீ மட்டும் அதைச் சொல்லவில்லை. "வியாழக்கிழமை ஆறு மணிக்கு வர்றேன். அழுக்குத்துணியை எடுத்து வை." அவ்வளவுதான்.

ஊன்றுகோல் ஜோடியை யாரிடமிருந்தோ இரவல் வாங்கி வந்ததும் நீதான். உன் உயரத்துக்கு ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு அப்படியே என்னிடம் கொடுத்துவிட்டாய். ஆறடி மனிதனுக்கு அமைத்த கோலில் நான் இரண்டு நாள் அக்குளை மாட்டித் தொங்கினேன். விரல் நுனிகள் மரத்துப்போயின. அதை நான் உன்னிடம் சொல்லவில்லை. கப்பைப் பிடிக்கும்போது என் கை நழுவியதைப் பார்த்து நீயாகவே தரையில் உட்கார்ந்து, பித்தானை அமுக்கி அமுக்கி ஓட்டை மாற்றினாய். அக்குளுக்கும் கோலுக்கும் நடுவே உன் மூன்று விரலை நுழைத்துப் பார்த்தாய். "தொங்காதடா. பாரம் கையில இருக்கணும்." அக்குளில் ஓடும் நரம்பு நசுங்கினால் மணிக்கட்டே தூக்க முடியாமல் போகலாம் என்று பிசியோ பிறகு சொன்னார். உனக்கு அது எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை கேட்கவில்லை.

மற்றவர்களையும் சொல்ல வேண்டும். இன்சூரன்ஸ் காகிதங்கள் மொத்தத்தையும் நம் தோழி ஒருத்தி தன் தலையில் போட்டுக்கொண்டாள். என்னிடம் கையெழுத்து மட்டும் கேட்டாள். ஒருவர் தினமும் சூரிய உதயப் படத்தோடு தன்னம்பிக்கை வாசகம் அனுப்பினார். அவரை மன்னித்துவிட்டேன். கட்டாயம் வருவான் என்று நான் நம்பியிருந்த ஒருவன் வரவே இல்லை. மாதக்கணக்கில் அவன்மேல் கோபமாக இருந்தேன். ஆஸ்பத்திரி, கட்டு, மருந்து வாசனை எதுவும் அவனுக்குத் தாங்காது, அதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. இப்போது கோபமில்லை.

அப்பாவுக்கு வருகிறேன்.

அவரால் பயணம் செய்ய முடியாது. அதனால் ராத்திரி ஏழு மணிக்கு போன் பண்ணுவார். ஹலோகூடக் கிடையாது, நேரே "எத்தனை டிகிரி?" முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று பிசியோ கோணமானி வைத்து அளப்பதை ஒருநாள் சொல்லிவிட்டேன், அதைப் பிடித்துக்கொண்டார். சமதரையில் நடக்க 60 சொச்சம் போதும், படி ஏற இறங்க 80, 90 வேண்டும், தாழ்வான நாற்காலியிலிருந்து எழுந்திருக்க அதற்கும் மேலே என்று எல்லாவற்றையும் கேட்டு வைத்துக்கொண்டு, ஏதோ பரீட்சை மார்க் மாதிரி விசாரிப்பார். ஏழாவது வாரம் நான் 62-லேயே நின்றுவிட்டேன். நான்கு நாளாக அதே 62. அவர் குரல் இறங்குவது கேட்டது. அன்று ராத்திரி "70 வந்துடுச்சுப்பா" என்றேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நீ துணி மடித்துக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மடிக்க ஆரம்பித்தாய்.

இரண்டு நாள் கழித்து அப்பா இல்லை.

அந்த ராத்திரிப் பயணத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. பின் சீட்டில் காலை நீட்டி, தலையணைகளை முட்டுக்கொடுத்து என்னை ஏற்றினாய். கிளம்பும் முன்பு டாக்டருக்கு நீயே போன் செய்திருக்கிறாய், எனக்குத் தெரியாது. ஆபரேஷன் ஆன காலை அசைக்காமல் மணிக்கணக்கில் வைத்திருந்தால் ரத்தம் தேங்கி உறையும், அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து, மணிக்கொரு தரம் வண்டியை நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கிறார். மணிக்கொரு தரம் ஓரங்கட்டினாய். பின்கதவைத் திறந்து, "பாதத்தை மேலே, கீழே. இருபது தடவை" என்று நின்றாய். முதல் தடவை செய்தேன். இரண்டாவது தடவையும் செய்தேன். மூன்றாவது தடவை நீ கதவைத் திறந்ததும் வெடித்துவிட்டேன். "எங்கப்பா செத்துக் கிடக்கார், உனக்கு என் கால்தான் பெரிசா? உனக்கெல்லாம் மனசே இல்லையா?" அதற்கு மேலும் சொன்னேன். உன் அப்பாவை இழுத்துப் பேசினேன். அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை, உனக்கு நினைவிருக்கும்.

நீ பதில் பேசவில்லை. லாரி ஒன்று கடந்து போனது, அந்த வெளிச்சத்தில் உன் முகம் தெரிந்தது. அப்புறம் குனிந்து, என் குதிகாலை ஒரு கையிலும் முன்பாதத்தை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு நீயே மடக்கி நீட்டினாய். வாய்விட்டு எண்ணினாய். ஒன்று, இரண்டு, மூன்று. பதினொன்று வரும்போது நான் அழ ஆரம்பித்தேன். நீ எண்ணுவதை நிறுத்தவில்லை. இருபது ஆனதும் கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தாய்.

அடுத்த மணிக்கும் நிறுத்தினாய்.

அப்பா அறையில் ஒரு காலண்டர் இருந்தது. ஒவ்வொரு தேதிக்கும் கீழே பென்சிலால் குட்டிக் குட்டி எண்கள். 41, 45, 45, 52. நான்கு தரம் 62. கடைசியாக 70, அதைச் சுற்றி ஒரு வட்டம். வட்டம் போட்டது அந்த ஒன்றுக்கு மட்டும்தான். அந்தத் தாளைக் கிழித்து மடித்துப் பையில் வைத்ததை நீ பார்த்தாய். ஒன்றும் கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து பிசியோ கோணமானியைத் தூக்கிப் பிடித்து "எழுபது!" என்று சந்தோஷமாகச் சொன்னபோது நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அதையும் நான் கவனித்தேன்.

அதன் பிறகு நடந்தவற்றில் பெரிதாக ஒன்றுமில்லை. 12 வாரம் முடிந்து எக்ஸ்ரேயில் முறிவுக் கோட்டின்மேல் மேகம் மாதிரிப் புது எலும்பு தெரிந்தது. அது இறுகி, பழைய வடிவத்துக்குத் தேற மாதங்கள், சில நேரம் வருஷங்கள்கூட ஆகும் என்றார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் ஏற்றிப் பழகுவதற்கு எடை பார்க்கும் மெஷினை ஒரு காலுக்கடியில் வைத்தோம். நீ தரையில் முகத்தைப் பதித்து முள்ளைப் படித்தாய். "பத்து. பன்னிரண்டு. டேய், பதினெட்டு, எடு எடு!" மூன்று மாதத்தில் முதல் தடவையாக நான் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். அடிபட்ட தொடை மற்றதைவிட இன்னும் கொஞ்சம் மெலிவு. குளிர்ந்த காலைகளில் முதல் பத்து அடி நொண்டல். மற்றபடி நடக்கிறேன்.

அந்த மூன்றாவது நிறுத்தத்தில் நான் சொன்னதற்கு இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. நடுவே இரண்டு தடவை வாயெடுத்தேன். ஒருமுறை நீ சார்ஜர் எங்கே என்று கேட்டாய், இன்னொரு முறை எழுந்தே போய்விட்டாய். வேண்டுமென்றே செய்தாய் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை, இப்போது படித்துத்தான் ஆக வேண்டும்: தப்பு பண்ணிவிட்டேன்டா. உன் அப்பாவைப் பற்றி நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட உண்மையில்லை.

ஊன்றுகோல் இன்னும் என் வீட்டுக் கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறது. உன் ஓட்டைக்கே திருப்பி மாற்றி வைத்துவிட்டேன். இரவல் கொடுத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது, உன்னிடம்தான் தர முடியும். வியாழக்கிழமை ஆறு மணிக்கு நான் வருகிறேன். உன் வீடு மூன்றாவது மாடி என்பது தெரியும், லிஃப்ட் இல்லை என்பதும் தெரியும். மேலே நின்று படியை எண்ணாதே.

உன்,
குட்டையன்