பிழை தேடவும் கற்றுத்தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளில் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் (மாணவர்கள் தாமே கருவிகள் செய்து பழக மத்திய அரசு உதவியுடன் அமைந்தவை) வந்தபின் மாணவர்கள் பலர் அர்டுயினோ பலகையை, அதாவது நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகையை, கையில் எடுப்பது மகிழ்ச்சி தருகிறது. ஆனால், ஓடாத ரோபோவில் பிழை எங்கே என்று படிப்படியாகத் தேடும் முறையை அவர்கள் கற்காமலே இருப்பதை, விடுமுறை நாள்களில் அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கு உதவிவரும் நான் வருத்தத்துடன் காண்கிறேன்.

அண்மையில் ஒரு மாணவி செய்த ரிமோட் கார், திருப்பும்போதெல்லாம் சில நொடிகள் உறைந்து நின்றது. அவர் மூன்று நாள்களாக நிரலையே மாற்றி மாற்றி எழுதியிருந்தார். நிரலின் தொடக்கத்தில் ஒரு சொல்லைக் கணினித் திரைக்கு அனுப்பும்படி செய்தோம். கார் திரும்பிய ஒவ்வொரு முறையும் அச்சொல் மறுபடி தோன்றியது. காரைத் திருப்பும் சர்வோ மோட்டார் திடீரென இழுத்த மின்னோட்டத்தால் பலகைக்கான 5 வோல்ட் மின்னழுத்தம் சரிந்து, பலகையே மறுதொடக்கம் ஆகியிருக்கிறது! சர்வோவுக்குத் தனி பேட்டரி கொடுத்து, பலகைக்கும் அதற்கும் கிரவுண்டை (மின்சுற்றின் பூஜ்ய வோல்ட் இணைப்பை) பொதுவாக இணைத்ததும் (பலர் மறப்பது இதைத்தான்) கோளாறு தீர்ந்தது.

நினைவகப் பிழைகள் இதைவிடக் கடினமானவை. அர்டுயினோ ஊனோ R3 என்ற பலகையில் மாறிகளுக்கு (நிரல் ஓடும்போது மாறும் மதிப்புகளுக்கு) இருப்பது 2 கிலோபைட் நினைவகம் மட்டுமே. நிரல் ஓடும்போது அது நிரம்பினால் எச்சரிக்கை எதுவுமின்றி நிரல் தாறுமாறாக நடக்கும்.

ஆகவே, ஆய்வக வகுப்புகளில் வேண்டுமென்றே பழுதாக்கிய பலகையையும் மின்னழுத்தம் போன்றவற்றை அளக்கும் ஒரு மல்டிமீட்டரையும் மாணவர்களிடம் கொடுத்துப் பழக்குமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈரோடு