பக்கத்து கதவுக்கும் சேர்த்து எஸ்டிமேட் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

சில்வர் கலர் கார்ல ஃபெண்டர் (முன் சக்கரத்துக்கு மேல இருக்கற தகடு) மாத்தினவங்க யாரைக் கேட்டாலும் பெயிண்டர் சொதப்பிட்டார்னுதான் சொல்வாங்க. என் காருக்கும் அதே கதைதான், ஆட்டோ உரசி முன்பக்க ஃபெண்டர் போச்சு, புதுசு போட்டு பெயிண்ட் அடிச்சு குடுத்தாங்க, ஷெட்டுக்குள்ள டியூப்லைட் வெளிச்சத்துல ஒண்ணும் தெரியல, வெளிய வெயில்ல நிறுத்தினா ஃபெண்டர் ஒரு சில்வர் கதவு ஒரு சில்வர். ஆனா பெயிண்டரை மட்டும் திட்டறது நியாயமில்ல, அதுக்குத்தான் இதை எழுதறேன்.

கலர் கோடு, அதாவது கம்பெனி அந்தக் கலருக்கு வச்சிருக்கற குறியீடு, சொன்னா அதே கலர் வந்துடும்னு நாம நினைச்சுக்கறோம். மாருதி சில்க்கி சில்வர்னா இசட் 2 எஸ், மிக்சிங் கடையில கோடை சொன்னா கம்ப்யூட்டர் பார்த்து கிராம் கணக்குல கலந்து குடுப்பாங்க, சரி. ஆனா ஒரே கோடுக்கே கொஞ்சம் வெளிறினது, கொஞ்சம் நீலம் அடிக்கறதுன்னு நாலஞ்சு வேரியன்ட் இருக்கும், கம்பெனியில பேட்ச்சுக்கு பேட்ச் லேசா மாறும், அதுக்கு மேல நம்ம கார் வருஷக்கணக்கா வெயில்ல காஞ்சிருக்கும். புதுப்பேட்டையில தேடி அதே கலர்ல பழைய கதவு வாங்கிட்டு வந்து மாட்டினாலும் ரெண்டும் ஒட்டாது, அது வேற தெருவுல காஞ்ச கதவு.

மெட்டாலிக் பெயிண்ட் இன்னும் மோசம். அதுல இருக்கற அலுமினியத் தூள் எப்படிப் படுக்குதுங்கறதுலதான் கலரே இருக்கு. ஸ்பிரே கன் பிரஷர் ஏத்தி டிரையா அடிச்சா தூள் மேலாக்க நின்னு வெளுப்பாத் தெரியும், ஈரமா அடிச்சா உள்ள இறங்கி டார்க் ஆயிடும், ஒரே டப்பா பெயிண்டு ஒரே பெயிண்டர் அடிச்சாலும் இப்படித்தான். பேர்ல் வொயிட்டுல, அதாவது முத்து மாதிரி மின்னற வெள்ளையில, அடிக்கலர் மேல பேர்ல் எத்தனை கோட் போடறாங்களோ அதுக்கேத்த மாதிரி ஷேடு நகரும். வெறும் வெள்ளையாவது பரவால்ல, ஓரளவு தப்பிச்சுடலாம்.

நல்ல பெயிண்டர் என்ன பண்ணுவார்னா, பெட்ரோல் மூடியைக் கழட்டி பாலிஷ் போட்டு மிக்சிங் கடைக்கு எடுத்துட்டுப் போவார், கலந்ததை ஒரு சின்ன கார்டுல அடிச்சு, மேல பளபளப்புக்குப் போடற கிளியர் கோட்டும் போட்டு காய விட்டு வெயில்ல கார் பக்கத்துல வச்சு நேராவும் சாய்ச்சும் பார்ப்பார். கிளியர் போடாம பார்த்தா அந்தக் கலர் பொய். அதுக்கப்புறமும் லேசா வித்தியாசம் இருந்தா ஃபெண்டரோட நிறுத்தாம, கலர் இருக்கற பேஸ் கோட்டை பக்கத்து கதவுல கொஞ்ச தூரம் மங்கலா இழுத்து விட்டுட்டு கிளியர் கோட்டை மட்டும் கதவு முழுக்க அடிப்பார். பிளென்டிங்னு சொல்றது இதைத்தான். கலர் எங்க மாறுதுன்னு கண்ணுக்கு சிக்காது.

சிக்கலே இங்கதான். அடிபடாத கதவுக்கு எதுக்கு பெயிண்டுன்னு என் க்ளெய்ம்ல இன்சூரன்ஸ் சார்பா சேதாரத்தை மதிப்பிட வந்த சர்வேயர் எஸ்டிமேட்ல அந்த பிளென்டிங் வரியை வெட்டிட்டார், ஷெட்டுக்காரங்களும் விட்டா போதும்னு ஒரு பேனல் காசுக்கு ஒரு பேனல் வேலை பண்ணிட்டாங்க. ஏற்கனவே சாதாரண பாலிசியில பெயிண்டிங்ல மெட்டீரியல் செலவுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிக்கறாங்க, பில்லு மொத்தமா இருந்தா அதுல 25 சதவீதத்தை மெட்டீரியல்னு எடுத்துப்பாங்க, அதாவது 8000 ரூபா பெயிண்டிங் பில்லுக்கு 1000 நம்ம கையிலேர்ந்து. பம்பர் மாதிரி பிளாஸ்டிக் பார்ட்டுக்கு பார்ட் விலையிலேயே பாதி போயிடும். ஜீரோ டெப்னு தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர் போட்டவங்களுக்கு இந்த கழிவு கிடையாது, ஆனா பிளென்டிங்கை எஸ்டிமேட்லயே ஏத்தலன்னா ஜீரோ டெப் இருந்தும் பிரயோஜனம் இல்ல.

பம்பர் விஷயத்துல மட்டும் கொஞ்சம் விட்டுக்குடுக்கணும். கம்பெனியில பாடியை 140 டிகிரி கிட்ட சுட வைப்பாங்க, அந்த சூட்டுக்கு பம்பர் வளைஞ்சுடும், அதனால அதை தனியாத்தான் அடிக்கறாங்க, ஷோரூம்ல நிக்கற புது வண்டியிலயே உத்துப் பார்த்தா பம்பரும் ஃபெண்டரும் மயிரிழை வித்தியாசமா இருக்கும். அதுக்குப் போய் ஷெட்டுல சண்டை போடறது வேஸ்ட்.

மெட்டாலிக், பேர்ல் கலர்ல கதவு, ஃபெண்டர், பானட் மாத்தினா பிளென்டிங்கும் ரிப்பேர்ல ஒரு பாகம்தான், சேதாரத்துக்கு முன்னாடி இருந்த நிலைமைக்கு கொண்டு வரத்தானே இன்சூரன்ஸே எடுக்கறோம். இதை சர்வேயர் இஷ்டத்துக்கு விடாம இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தற ஐஆர்டிஏஐ தெளிவா எழுதி வைக்கணும். ஷெட்டுக்காரங்க அந்த டெஸ்ட் கார்டை வண்டிக்கு பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி பகல் வெளிச்சத்துல ஓனருக்கு காட்டி கையெழுத்து வாங்கட்டும், பத்து நிமிஷ வேலைதான். டெலிவரி எடுக்கறவங்களும் ராத்திரி ஏழு மணிக்கு மேல போய் வண்டியை எடுக்காதீங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை