இன்னும் பத்துப் பேர் வேண்டாம்

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே குளிர் விரலை மடக்க விடுவதில்லை. நூலகம் கதகதப்பாக இருப்பதால் இரவு மூடும்வரை அங்கேயேதான் கிடக்கிறேன்.

முதலில் உன் சந்தேகம். உன் ஆய்வில் குழுவுக்கு 20 பேர் வைத்து, இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி டெஸ்ட் போட்டாய், பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாதபோது இவ்வளவோ அதற்கு மேலோ தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.06 வந்தது, இன்னும் பத்துப் பேரைச் சேர்த்தால் வழக்கமான எல்லையான 0.05-க்குக் கீழே இறங்குமா என்கிறாய். இறங்கலாம். அதனால்தான் செய்யக் கூடாது. முடிவைப் பார்த்துப் பார்த்து ஆள் சேர்த்தால், இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். எத்தனை பேர் என்பது தொடங்கும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். நடுத்தர வித்தியாசம், அதாவது சராசரிகளின் இடைவெளியைத் திட்ட விலக்கத்தால் வகுத்தால் வரும் கோஹன் டி 0.5, இருந்தால் அதை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். 20 பேரை வைத்தால் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புதான். 0.06-ஐ அப்படியே எழுது. வித்தியாசம் எவ்வளவு பெரிது என்று காட்டும் விளைவின் அளவையும், உண்மை மதிப்பு எதற்கும் எதற்கும் இடையில் இருக்கலாம் என்று காட்டும் நம்பிக்கை இடைவெளியையும் சேர்த்து எழுது. உன் வழிகாட்டி முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அதற்கும் முன்னால் தரவைச் சரிபார். பதில் இல்லாத இடத்தில் 99 போட்டாயே, அது விடுபட்ட மதிப்பு என்று மென்பொருளுக்குச் சொன்னாயா? சொல்லாவிட்டால் சராசரி எங்கேயோ ஏறிப்போகும். எதிர்மாறாகக் கேட்ட தலைகீழ்க் கேள்விகளின் மதிப்பெண்ணைத் திருப்பினாயா? இங்கே பயிற்சிக்குத் தந்தது தனிமையை அளக்கும் யூசிஎல்ஏ வினாத்தாள். 20 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4. அதில் 9 கேள்வி தலைகீழ். விடையை 5-லிருந்து கழிக்க வேண்டும். மறந்தால், 80 வாங்க வேண்டியவருக்கு 53, 20 வாங்க வேண்டியவருக்கு 47. யாருமே இல்லாதவரும் வீடு நிறைய ஆள் உள்ளவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். என் மதிப்பெண்ணைக் கேட்காதே, சும்மா வகுப்புப் பயிற்சிதான்.

எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் வாங்க அப்பாவிடம் பணம் கேட்காதே, இந்தக் கணக்கைப் போடும் ஜமோவி இலவசம். எனக்கும் எதுவும் அனுப்ப வேண்டாம் என்று சொல். உதவித்தொகை தாராளமாகப் போதுகிறது.

பக்கத்து அறைக்காரர் இரவில் தனக்குத்தானே பேசுவார். சுவர் மெல்லிசு. மொழி புரியாது, ஆனாலும் அம்மா சமையலறையில் முணுமுணுப்பது போல இருப்பதால் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவேன்.

அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்றா? சித்தப்பா பாகப்பிரிவினைப் பத்திரத்தோடு வந்தால், பார்வை தெளிந்து அப்பாவே படித்துப் பார்க்கும்வரை கையெழுத்து வேண்டாம். மூலப்பத்திரம் பீரோவின் அடித்தட்டில் இருக்கிறதா என்று இன்றே பார்த்து எழுது.

அன்புடன்,
அண்ணன்