செஸ் ஆற்றங்கரைக்கு ஒருமுறை போவோம்: லண்டன் தமிழ்ப் பள்ளிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பொறுப்பாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். இந்த வருடச் சுற்றுலாவுக்கு இடம் பார்க்கும் காலம் வந்துவிட்டது. கடற்கரையா, ராட்டினங்கள் நிறைந்த கேளிக்கைப் பூங்காவா என்ற பேச்சும் தொடங்கியிருக்கும். இரண்டும் பிள்ளைகளுக்குப் பிடித்தவைதான். ஆனால் போன முறை நான் உங்களோடு வந்தபோது, கூட வந்த அம்மம்மாக்களும் அப்பப்பாக்களும் நாள் முழுவதும் சாப்பாட்டுப் பைகளுக்குக் காவலாக ஒரு மேசையைச் சுற்றி இருந்தார்கள். அது இன்னும் மனதை உறுத்துகிறது.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை எல்லோரும் ரயிலேறிப் போய், லண்டனுக்கு வடமேற்கே உள்ள செஸ் ஆற்றங்கரையில் நடந்துவிட்டு வருவோம். இதுதான் என் வேண்டுகோள்.

கோச் பிடிக்கத் தேவையில்லை. ஹரோவிலிருந்து மெட்ரோபொலிட்டன் ரயிலில் சால்ஃபொண்ட் அண்ட் லாட்டிமர் நிலையத்துக்கு ஏறக்குறைய அரை மணி நேரம். 11 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும், ஃப்ரீடம் பாஸ் என்ற இலவசப் பயண அட்டை வைத்திருக்கும் பெரியவர்களுக்கும் காசில்லை. நிலையத்துக்குப் பக்கத்து வீடுகளைத் தாண்டி மரங்களுக்குள்ளால் இறங்கினால் பள்ளத்தாக்கு தெரியும். லாட்டிமர் என்ற சின்ன ஊருக்குக் கீழே ஆறு. அதையொட்டியே சரட் பொட்டம் வரை போய், மறுபக்க மேட்டில் ஏறிச் சோர்லிவூட்டில் ரயில் பிடிக்கலாம். நின்று, கதைத்து, சாப்பிட்டு நடந்தால் நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். சில இடங்களில் நல்ல அகலமான வாய்க்கால் அளவுதான். ஆனால் அதன் தண்ணீரைப் பார்க்க வேண்டும். மழை வெண்சுண்ணப் பாறைக்குள் மெதுவாக ஊறி, வடிந்து, ஊற்றாக வெளியே வருகிறது. அதனால் அடியில் கிடக்கும் கல்லை எண்ணலாம். கோடையோ குளிரோ, ஊற்று நீரின் வெப்பம் 10 பாகையை ஒட்டியே இருக்கும். இப்படிப்பட்ட ஆறுகள் உலகிலேயே சில நூறுதான், அவற்றில் பெரும்பாலானவை இங்கிலாந்தில். யாழ்ப்பாணமும் சுண்ணக்கல் நிலம்தானே. அங்கே வருடம் முழுவதும் ஓடும் ஆறில்லை, பாறைக்குள் இறங்கிய மழையைக் கிணற்றில் அள்ளிக் குடித்தோம். மூன்று வருடத்துக்கு முன் அம்மாவை முதன்முதலாகச் செஸ் ஆற்றுக்குக் கூட்டிப் போனேன். கையை ஆற்றில் வைத்தவர், "விடியக் காலமை கிணத்துத் தண்ணி மாதிரி இருக்கு" என்றார். நான் ஒன்றும் விளக்கவில்லை. அவர் சொன்னது சரி.

ஆனால் ஆற்றுக்குப் போவதற்கு முன்பே, வயலுக்குள் போகும் படலையடியில் அம்மா நின்றுவிட்டார். "ஆரின்ர காணி பிள்ளை இது? கேக்காமல் உள்ள போகலாமே?" அம்மாவின் ஊர் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கு. 1990 இல் போரால் இடம்பெயர்ந்த பிறகு, சொந்தக் காணிக்குள்ளேயே பல ஆண்டுகள் கால் வைக்க முடியாமல் இருந்தவர். அந்தக் கேள்வியை நான் எப்படிச் சாதாரணமாக எடுப்பது? படலைத் தூணில் இருந்த மஞ்சள் அம்புக்குறியைக் காட்டினேன். அந்தக் குறி இருக்கும் நடைபாதையில் எவரும் போகலாம், காணி யாருடையதாக இருந்தாலும். இங்கிலாந்திலும் வேல்சிலும் இப்படி ஏறக்குறைய 2,25,000 கிலோமீற்றர் உரிமைப் பாதைகள் இருக்கின்றன. வயலின் நடுவே பாதை போனால், உழுகிற விவசாயி அதைக் குறித்த நாட்களுக்குள் திரும்பச் சீராக்கிக் கொடுக்க வேண்டும். பயிர் அதை மூடவும் கூடாது.

இந்த உரிமைகள் சும்மா வந்தவையும் அல்ல. 1932 இல் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் கிண்டர் ஸ்கௌட் மேட்டு நிலத்தில் தடையை மீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறை போனார்கள். தேசியப் பூங்காக்கள், நாட்டுப்புற நடமாட்டம் பற்றிய 1949 ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் நடைபாதைகளை ஊர் ஊராக வரைபடத்தில் பதியும் வேலை தொடங்கியது. இதை எங்கள் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். நாங்களும்தான். இத்தனை வருடம் இங்கே வாழ்ந்தும், லண்டனுக்கு வெளியே உள்ள வயல்வெளி வேறு யாருக்கோ உரியது என்ற தயக்கம் எங்களில் பலரை விடவில்லை.

இனி உங்களுக்கு நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்ப் பாடத்தில் வயல், கதிர், ஓடை, கொக்கு, மேய்ச்சல் எல்லாம் வருகின்றன. பிள்ளைகள் படத்தைப் பார்த்துப் பாடமாக்குகிறார்கள். என் மகன் 'வரம்பு' என்பதற்கு 'எல்லை' என்று எழுதி முழுப் புள்ளி வாங்கினான், ஆனால் அது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. அன்று பார்லி வயலின் ஓரத்தில் அவன் பயிருக்குள் இறங்கப் பார்க்க, அம்மா "வரம்பால வா, பயிரை மிதிக்காதை" என்று சத்தம் போட்டார். ஊரில் போல மண் அணைத்த வரம்பு இங்கே இல்லை. ஆனாலும் எங்கே கால் வைக்க வேண்டும் என்பது அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. அப்புறம் ஆற்றோரத்தில் வெள்ளைக் கொக்கு நின்றது. அம்மம்மாவும் பேரனும் அரை மணி நேரம் தமிழிலேயே கதைத்துக்கொண்டு போனார்கள். வீட்டில் அப்படி நடப்பதில்லை.

வழியில், வயல் ஓரத்தில் தனியாக ஒரு செங்கல் கல்லறை இருக்கிறது. 1777 இல் இறந்த வில்லியம் லிபர்ட்டி என்ற செங்கல் செய்பவரும் அவர் மனைவியும் அதற்குள். அம்மா அங்கே கொஞ்ச நேரம் நின்று கும்பிட்டுவிட்டு வந்தார்.

சில விஷயங்களைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஆற்றோரத்தில் கழிப்பறை கிடையாது, ரயிலடியிலேயே போய்விட வேண்டும். கன்றோடு மாடு நின்றால் தள்ளி நடக்க வேண்டும். திறந்திருந்த படலையைத் திறந்தபடியும், பூட்டியிருந்ததைப் பூட்டியும் விட வேண்டும். ஒருகாலத்தில் லண்டன் சந்தைகளுக்குப் போன நீர்க்கீரை (வாட்டர்கிரெஸ்) இந்தப் பள்ளத்தாக்கிலும் விளைந்தது; இன்றும் தண்ணீரில் அது பச்சைப் பசேலென்று நிற்கும். எங்கள் பெரியவர்களுக்குப் பொன்னாங்காணியைக் கண்டதுபோலக் கை நீளும். பறித்துப் பச்சையாகச் சாப்பிட விடாதீர்கள், மாடு மேயும் இடங்களில் ஈரலைத் தாக்கும் புழு அதில் இருக்கலாம்.

சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு இந்தப் பாதை சரிவராது. அவர்களுக்கு ரிக்மன்ஸ்வர்த்தில் கிராண்ட் யூனியன் கால்வாய்க் கரை இருக்கிறது, சமதரை. வேண்டுமானால் முழுப் பள்ளியும் அங்கே போகலாம். யாரையும் வீட்டில் விட்டுவிட்டுப் போவதற்கு இந்த மடலை நான் எழுதவில்லை.

ஆசிரியர்கள் இருவர் முன்கூட்டியே வந்தால் வழியைக் காட்டித் தருகிறேன். வரைபடமும் என்னிடம் இருக்கிறது. மே முதல் வாரம் என்றால் மரங்களுக்கடியில் நீலமணிப் பூக்கள் இருக்கும், ஆனால் சேறும் இருக்கலாம். மாதக் கடைசி என்றால் பாதை காய்ந்திருக்கும். எது நல்லதென்று கூட்டத்தில் முடிவெடுத்துச் சொல்லுங்கள். இடியப்பமும் சம்பலும் தன் பொறுப்பு என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டார்.

அன்புடன்,
ஹரோவிலிருந்து, உங்கள் மாணவன் ஒருவனின் தாய்